டாவின்சி ரிசால்வில் வீடியோ விக்கி விக்கி ஓடுகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

எடிட்டிங் செய்யும்போது வீடியோ சரளமாக ஓடவில்லை என்றால் பலரும் செய்வது ஒன்றுதான். கண்ணில் படும் செட்டிங் எல்லாவற்றையும் மாற்றிப் பார்ப்பார்கள். பத்து இடத்தில் கை வைத்த பிறகு ஓட ஆரம்பித்தாலும், எது சரிசெய்தது என்று தெரியாது. ஓடாவிட்டால் எதையெதை மாற்றினோம் என்பதே மறந்துபோகும். அதன் பிறகு "மெஷின் பத்தாது, புதுசு வாங்கணும்" என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். பல நேரங்களில் அந்தச் செலவு தேவையே இல்லை.

விக்கலில் பல வகை உண்டு. எப்போது விக்குகிறது, எப்படி விக்குகிறது என்று ஒரு நிமிடம் கவனித்தால் குறை எங்கே இருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடும். இலவசமாகக் கிடைப்பதால் நம்மில் பலர் டாவின்சி ரிசால்வ்தான் பயன்படுத்துகிறோம், அதனால் அதை வைத்தே எழுதுகிறேன். மெனு பெயர்கள் திரையில் இருப்பதை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு ஒரு சொல் முன்பின்னாக இருக்கலாம்.

எதையும் மாற்றுவதற்கு முன்

இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, வியூவரின் மேலே இடது மூலை. பிளே ஆகும்போது அங்கே ஒரு சின்ன வட்டமும் ஓர் எண்ணும் தெரியும். வட்டம் பச்சையாக இருந்து, எண் உங்கள் டைம்லைனின் பிரேம் ரேட்டோடு (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) ஒத்துப்போனால் மென்பொருள் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. வட்டம் சிவப்பாகி, 30 காட்ட வேண்டிய எண் 11, 14 என்று தள்ளாடினால் மெஷினால் ஈடுகொடுக்க முடியவில்லை. இந்த வேறுபாடு முக்கியம். பச்சை காட்டும்போதும் படம் குலுங்குகிறது என்றால் பிளேபேக் செட்டிங் எதை மாற்றியும் பயனில்லை, அது வேறு வகைக் கோளாறு. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

இரண்டாவது, விண்டோஸின் டாஸ்க் மேனேஜர். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியு-வை, அதாவது கிராபிக்ஸ் சிப்பை, திறந்தால் நான்கைந்து சிறு வரைபடங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் தலைப்பையும் கிளிக் செய்து மாற்றலாம். ஒன்றை "வீடியோ டீகோட்" என்று மாற்றிவிட்டு ரிசால்வில் பிளே அழுத்துங்கள். இப்போது சிபியு, ஜிபியு, வீடியோ டீகோட், டிஸ்க் என்று நான்கையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். எது 100-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறதோ அதுதான் திணறுகிறது. மற்றவை சும்மா இருக்கின்றன.

ஒரு பிரேம் திரைக்கு வருவதற்குள் மூன்று வேலை நடக்கிறது. டிஸ்கிலிருந்து கோப்பைப் படிக்க வேண்டும். சுருக்கி வைத்த படத்தை விரித்தெடுக்க வேண்டும், இதைத்தான் டீகோடிங் என்கிறோம். கடைசியில் கலர், டைட்டில், எஃபெக்ட் எல்லாவற்றையும் அதன்மேல் கணக்கிட வேண்டும். மூன்றில் எது தாமதித்தாலும் நம் கண்ணுக்கு விக்கல்தான். ஆனால் மருந்து மூன்றுக்கும் வேறு வேறு.

அறிகுறி: எந்த எஃபெக்டும் போடவில்லை, வெறும் கிளிப்பே ஓடவில்லை

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மொபைல், ட்ரோன், ஆக்‌ஷன் கேமரா, மிரர்லெஸ் கேமரா என்று எதில் எடுத்தாலும் கோப்பு பெரும்பாலும் எச்.264 அல்லது எச்.265 வடிவத்தில்தான் இருக்கும். இவை சேமிப்பதற்கும் அனுப்புவதற்கும் அருமையானவை. எடிட்டிங்குக்குச் சிரமம் தருபவை. காரணம், இவற்றில் ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. ஒரு பிரேம் முழுதாக இருக்கும், அடுத்து வரும் பல பிரேம்கள் "முந்தையதிலிருந்து என்ன மாறியது" என்பதை மட்டும் வைத்திருக்கும். மளிகைக் கடை பற்று நோட்டு மாதிரி: இன்றைய பாக்கி எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் கடைசியாகக் கூட்டிவைத்த வரியிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நேராக முன்னோக்கி ஓடும்போது இது பெரிய சுமையில்லை. ஆனால் எடிட் செய்கிறவர் நடுவில் குதிப்பார், பின்னோக்கி இழுப்பார், இரண்டு நொடிக்கு ஒரு கட் வைப்பார். ஒவ்வொரு குதிப்புக்கும் மெஷின் பின்னால் போய் முழு பிரேமைத் தேடி, அங்கிருந்து கணக்கிட்டு வர வேண்டியிருக்கிறது.

அதனால்தான் "வி.எல்.சி.யில் நன்றாக ஓடுகிறது, ரிசால்வில் மட்டும் ஏன் ஓடவில்லை" என்ற கேள்வி வருகிறது. பிளேயருக்கு நேர்கோட்டில் ஓட்டினால் போதும். எடிட்டருக்கு அது போதாது.

இதை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. பிளேபேக் மெனுவில் டைம்லைன் பிராக்ஸி ரெசல்யூஷனை ஹாஃப் ஆக்குங்கள். விக்கல் அப்படியே இருந்தால் குறை டீகோடிங்கில்தான். ஹாஃப், குவார்ட்டர் எல்லாம் விரித்தெடுத்த பிறகு செய்யும் கணக்கைத்தான் குறைக்கும். எச்.264, எச்.265 கோப்பை விரிக்கும் வேலை அப்போதும் முழு அளவிலேயே நடக்கும். "குவார்ட்டர் வைத்தும் ஓடவில்லை" என்று வருந்துபவர்கள் இங்கேதான் நிற்கிறார்கள்.

டீகோடிங்குக்கென்று கிராபிக்ஸ் சிப்புக்குள் தனிப் பகுதி இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்பது மூன்று விஷயங்களைப் பொறுத்தது.

முதலாவது, நீங்கள் பயன்படுத்தும் பதிப்பு. மேக்கில் இலவச ரிசால்வே ஹார்ட்வேர் டீகோடிங்கைப் பயன்படுத்திக்கொள்ளும். விண்டோஸில் அந்த வசதி முழுமையாக வேண்டுமென்றால் கட்டணப் பதிப்பான ஸ்டுடியோ வேண்டும். லினக்ஸில் இலவசப் பதிப்பு இந்த வடிவங்களைத் திறப்பதே இல்லை, முதலில் வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

இரண்டாவது, செட்டிங். பிரிஃபரன்சஸ் > சிஸ்டம் > டீகோட் ஆப்ஷன்ஸ் போய், எச்.264, எச்.265 ஹார்ட்வேர் ஆக்ஸலரேஷனுக்கு டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல், என்விடியா இரண்டும் உள்ள மெஷினில் எதை நம்புவது என்று இங்கேயே தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றாவதுதான் பலருக்கும் தெரியாத இடம். கேமராவில் 10 பிட் 4:2:2 (நிற விவரத்தை அதிகமாகச் சேமிக்கும் அமைப்பு) என்று வைத்து எச்.265-ல் எடுத்திருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தாலும் அது கைகொடுக்காமல் போகலாம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20, 30, 40 வரிசைக் கார்டுகளின் டீகோடருக்கு 4:2:2 தெரியாது. 50 வரிசையில்தான் அது வந்தது. அதே சமயம் இன்டெலின் 11-ஆம் தலைமுறையிலிருந்து உள்ளமைந்த கிராபிக்ஸ் இந்தக் கோப்பைச் சுலபமாக விரித்துவிடும். ஆப்பிளின் எம்1-உம் அப்படித்தான். ஆகவே பெரிய கார்டு இருக்கும் டெஸ்க்டாப்பில் விக்கும் கோப்பு, சாதாரண லேப்டாப்பில் ஓடுவது விநோதம் இல்லை. உங்கள் ப்ராசஸரில் இன்டெல் கிராபிக்ஸ் இருந்தும் தனிக் கார்டு போட்டதால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பில்) அது அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அதை இயக்கி, டீகோட் ஆப்ஷன்ஸில் இன்டெல்லைத் தேர்ந்தெடுப்பது காசில்லாத மருந்து.

இதெல்லாம் கிடைக்காதவர்களுக்கும் ஒரு வழி எப்போதும் உண்டு: பிராக்ஸி. என் அனுபவத்தில் இந்தப் பட்டியல் முழுவதிலும் ஒன்றை மட்டும் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் கற்றுக்கொள்ளச் சொல்வேன். எட்டு வருடப் பழைய லேப்டாப்பையும் இது மீட்டெடுக்கும்.

பிராக்ஸி என்பது அசல் கிளிப்புக்குப் பதிலாக எடிட்டிங்கின்போது மட்டும் ஓடும் இலேசான நகல். மேலே சொன்ன டைம்லைன் பிராக்ஸி ரெசல்யூஷன் வேறு, இது வேறு. முதலில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் > மாஸ்டர் செட்டிங்ஸ் போய், ஆப்டிமைஸ்டு மீடியா அண்ட் ரெண்டர் கேஷ் என்ற பகுதியில் பிராக்ஸி ரெசல்யூஷனை ஹாஃப் அல்லது குவார்ட்டர் ஆக்குங்கள். 4கே கிளிப்புக்கு ஹாஃப் என்றால் 1080 அளவு, தாராளமாகப் போதும். வடிவத்துக்கு விண்டோஸில் டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி, மேக்கில் ப்ரோரெஸ் பிராக்ஸி. இரண்டிலும் ஒவ்வொரு பிரேமும் தனித்தனி முழுப் படம், குதித்தாலும் இழுத்தாலும் உடனே வரும். இந்த இடத்தில் எச்.264-ஐத் தேர்ந்தெடுத்தால் கோப்பு சிறியதாகும், ஆனால் எந்தச் சிக்கலிலிருந்து வெளியே வரப் பார்க்கிறோமோ அதையே திரும்பக் கூட்டிவந்ததாகும்.

அப்புறம் மீடியா பூலில் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் ஜெனரேட் பிராக்ஸி மீடியா. இது நேரம் பிடிக்கும் வேலை, இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். முடிந்ததும் பிளேபேக் மெனுவில் பிராக்ஸி ஹேண்ட்லிங் போய் பிரிஃபர் பிராக்ஸிஸ் என்பதை வையுங்கள். கலர் கிரேடிங்குக்கு வரும்போது அதே இடத்தில் பிரிஃபர் கேமரா ஒரிஜினல்ஸ் என்று மாற்றிக்கொள்ளுங்கள். நிறத்தையும் நாய்ஸையும் நகலில் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்ற பயம் வேண்டாம். 1080 அளவில், 30 பிரேம் வேகத்தில் ப்ரோரெஸ் பிராக்ஸி நொடிக்குச் சுமார் 45 மெகாபிட். ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறக்குறைய 20 ஜிபி. வேலை முடிந்ததும் அழித்துவிடலாம், அசலுக்கு ஒன்றும் ஆகாது.

அறிகுறி: கட் செய்யும்வரை நன்றாக ஓடியது, கலரும் டைட்டிலும் போட்டதும் படுத்துவிட்டது

இது கணக்கிடும் சுமை. உறுதிசெய்ய கலர் பேஜில் ஷிஃப்ட்+டி அழுத்துங்கள். எல்லா கிரேடும், அதாவது நிற மாற்றங்களும், தற்காலிகமாக அணையும். இப்போது பச்சை வட்டம் வந்தால் சந்தேகமே இல்லை.

முதல் மருந்து, முன்பு பலிக்காத அதே டைம்லைன் பிராக்ஸி ரெசல்யூஷன். இங்கே அது பலிக்கும். 4கே பிரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல் இருக்கிறது. ரிசால்வ் ஒவ்வொரு நிறத்தையும் 32 பிட் துல்லியத்தில் கணக்கிடுவதால், ஒரு பிக்சலுக்கு 12 பைட் என்று வைத்தால் ஒரே ஒரு பிரேமுக்கு 100 எம்பி ஆகிறது. நொடிக்கு 30 பிரேம், ஒவ்வொன்றின்மேலும் ஐந்தாறு நோட் (நிற மாற்றத்தின் ஒவ்வொரு படியும் ஒரு நோட்). ஹாஃப் வைத்தால் அகலமும் உயரமும் பாதியாகி, மொத்த பிக்சல் நான்கில் ஒன்றாகிவிடும். இறுதி ரெண்டரை (முடித்த வீடியோவைக் கோப்பாக எழுதுவதை) இது தொடாது, அது எப்போதும் முழு அளவில்தான் வரும்.

இன்னும் ஒரு படி போகலாம். எடிட்டிங் முடியும்வரை ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்லைன் ரெசல்யூஷனையே 1080-ஆக வைத்து, ரெண்டருக்கு முன் 4கே ஆக்குவது. ரிசால்வ் அளவைச் சார்ந்து வேலை செய்வதில்லை என்பதால் சூம், டைட்டில் இடம் எல்லாம் விகிதப்படி மாறிக்கொள்ளும். ஆனால் மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டே ரெண்டர் போடுங்கள். சில எஃபெக்ட்களில் ப்ளர் அளவு போன்றவை கண்ணுக்கு வேறாகத் தெரியலாம்.

இரண்டாவது மருந்து ரெண்டர் கேஷ். பிளேபேக் மெனுவில் ரெண்டர் கேஷ் > ஸ்மார்ட் என்று வைத்துவிட்டு, மெஷினைத் தொடாமல் விடுங்கள். இயல்பு அமைப்பில் ஐந்து நொடி சும்மா இருந்ததும் வேலையை ஆரம்பித்துவிடும். டைம்லைனின் மேலே சிவப்புக் கோடாக இருக்கும் இடம் கொஞ்சம் கொஞ்சமாக நீலமாக மாறுவதைப் பார்க்கலாம். நீலமான இடத்தில் எவ்வளவு கனமான எஃபெக்ட் இருந்தாலும் சரளமாக ஓடும், ஏனென்றால் அது ஏற்கெனவே கணக்கிட்டு எழுதிவைத்த வீடியோ.

ஸ்மார்ட்டில் ஒரு சங்கடம் உண்டு. ரிசால்வ் தானாகவே முடிவெடுத்து, தேவையில்லாததையும் எழுதிவைக்கும். எச்.264 கிளிப் என்பதாலேயே சாதாரணக் காட்சியையும் எழுதும். டிஸ்க் மளமளவென்று நிரம்பும். இடம் குறைவாக உள்ளவர்கள் யூசர் என்று வைத்துக்கொண்டு, எந்தக் கிளிப் உண்மையிலேயே கனமோ அதில் மட்டும் வலது கிளிக் செய்து ரெண்டர் கேஷ் கலர் அவுட்புட், அல்லது ஃப்யூஷன் டைட்டில் என்றால் ரெண்டர் கேஷ் ஃப்யூஷன் அவுட்புட் என்று கொடுப்பது நல்லது. நான் எப்போதும் யூசர்தான் வைப்பேன். கேஷ் வடிவம் உயர்தரத்தில் இருந்தால் 1080 டைம்லைனுக்கு நிமிடத்துக்கு 1.6 ஜிபி அளவில் ஏறும், 4கே என்றால் அதைப்போல் நான்கு மடங்கு. வாரம் ஒருமுறை பிளேபேக் > டிலீட் ரெண்டர் கேஷ் > அன்யூஸ்டு கொடுத்துவிடுங்கள்.

எது கனம், எது இலேசு என்று ஒரு கணக்கு மனதில் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. நாய்ஸ் ரிடக்‌ஷன், அதிலும் பல பிரேம்களை ஒப்பிடும் டெம்போரல் வகை, ரொம்பக் கனம். ஸ்லோ மோஷனில் ஆப்டிகல் ஃப்ளோ, முகம் தேடும் எஃபெக்ட்கள், மேஜிக் மாஸ்க் எல்லாம் அதே ரகம். லட் (தயாராகக் கிடைக்கும் நிற மாற்றக் கோப்பு), கான்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் போன்றவை ஒன்றுமே இல்லை. டைட்டிலில் டெக்ஸ்ட் பிளஸ் என்பது ஃப்யூஷன் வழியாக ஓடுவதால் சாதாரண டெக்ஸ்ட்டைவிடக் கனம். கீழே அசையாமல் நிற்கும் பெயருக்கு டெக்ஸ்ட் போதும்.

அறிகுறி: வட்டம் பச்சை, எண்ணும் சரி, ஆனாலும் கேமரா திரும்பும்போது படம் தத்தித் தத்திப் போகிறது

இதற்கும் மெஷின் வேகத்துக்கும் தொடர்பே இல்லை. பிரேம் ரேட் ஒத்துப்போகவில்லை.

புதிய ப்ராஜெக்ட் திறந்தால் டைம்லைன் 24-ல் இருக்கும். மொபைல் கிளிப் 30-ல் இருக்கும். 30-ஐ 24-க்குள் அடைக்க ஐந்து பிரேமுக்கு ஒன்றைத் தூக்கி எறிய வேண்டும். நொடிக்கு ஆறு இடத்தில் அசைவு அறுந்து குதிக்கும். ஆள் நின்று பேசும் காட்சியில் தெரியாது. கேமராவை மெதுவாகத் திருப்பும் காட்சியிலும், நடந்து போகும் காட்சியிலும் பளிச்சென்று தெரியும். 60-ல் எடுத்ததை 30 டைம்லைனில் போட்டால் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துக்கொள்ளும், சிக்கல் இல்லை. 50-ல் எடுத்தது 25-க்கும் அப்படியே. 60-ஐ 24-ல் போட்டால் மறுபடி சீர்கெடும்.

முதல் கிளிப்பை டைம்லைனில் போடும்போதே ரிசால்வ் "பிரேம் ரேட்டை மாற்றட்டுமா" என்று கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்திவிடாதீர்கள். டைம்லைனில் கிளிப் ஏறிய பிறகு ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் அந்த இடம் பூட்டிக்கொள்ளும். அப்படி ஆகிவிட்டால், புதிய டைம்லைன் உருவாக்கும்போது யூஸ் ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் என்ற டிக்கை எடுத்துவிட்டு, ஃபார்மட் பகுதியில் சரியான பிரேம் ரேட் கொடுத்து, பழைய டைம்லைனில் உள்ளதை இங்கே நகலெடுத்துக்கொள்ளலாம். கட் விழுந்த இடங்கள் ஓரிரு பிரேம் நகரும், அதைக் கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

29.97-க்கும் 30-க்கும் உள்ள வேறுபாடு சிலரைப் படுத்தும். ஏறக்குறைய 33 நொடிக்கு ஒரு பிரேம்தான் அது. எப்போதாவது ஒரு சின்னத் துடிப்பு தெரிந்தால் இதுவாக இருக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தும் 24 பிரேம் வீடியோ லேசாகத் தத்துகிறது என்றால் மானிட்டரைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் 24 சமமாக வகுபடாது. ஒரு பிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறிக் காட்டப்படும். உங்கள் கோப்பில் குறையில்லை.

அறிகுறி: ஒலி ஓரிடம், உதடு ஓரிடம்

மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத் ஹெட்ஃபோனா? கம்பி ஹெட்ஃபோனைச் செருகிப் பாருங்கள். தாமதம் மறைந்துவிட்டால் டைம்லைனில் எதையும் நகர்த்த வேண்டாம். ப்ளூடூத்தில் கேட்டுக்கொண்டே லிப் சிங்க் சரிசெய்தால் நன்றாக இருந்த வீடியோவை நாமே கெடுத்துவிடுவோம்.

ஒலி சரியான வேகத்தில் இல்லாமல் படத்தோடு சேர்ந்து இழுபடுகிறதா? வியூவரின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் திறந்து, ஷோ ஆல் வீடியோ ஃப்ரேம்ஸ் என்பதற்கு டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஒரு பிரேமையும் விடாமல் காட்டியே தீருவேன் என்று ரிசால்வ் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எடுத்துவிட்டால் ஒலி சீராக ஓடும், தேவைப்பட்டால் சில பிரேம்களை விட்டுவிடும். பேச்சை வைத்துக் கட் செய்பவர்களுக்கு இதுவே வசதி.

ஆரம்பத்தில் ஒத்துப்போய், பத்து நிமிடம் கழித்து விலகுகிறதா? அப்படியென்றால் அது மாறும் பிரேம் ரேட் கோப்பு. மொபைல் கேமராவும் மொபைல் ஸ்கிரீன் ரெக்கார்டிங்கும் வெளிச்சத்துக்கும் சுமைக்கும் ஏற்ப நொடிக்கு 28, 30, 24 என்று மாற்றிக்கொண்டே எழுதும். எடிட்டர் எதிர்பார்ப்பது ஒரே சீரான ஓட்டம். மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஃப்ரேம் ரேட் மோட் என்ற வரியில் வேரியபிள் என்று போட்டிருக்கும். இதற்கு எடிட்டருக்குள் மருந்து தேடாதீர்கள். ஹேண்ட்பிரேக்கில் கோப்பைப் போட்டு, வீடியோ பகுதியில் சேம் அஸ் சோர்ஸ் என்பதற்குப் பதிலாக 30 என்று எண் கொடுத்து, கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் தேர்ந்தெடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். தரம் குறையாமல் இருக்க வேண்டுமென்றால் ஷட்டர் என்கோடரில் டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆகவே மாற்றிவிடலாம். கோப்பு பெரிதாகும், ஆனால் விக்கலும் விலகலும் ஒரே கல்லில் தீரும். எடிட்டிங் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நடுவில் கோப்பை மாற்றினால் எல்லா கட்டும் இடம் பெயரும்.

அறிகுறி: நாலு நொடி ஓடும், நிற்கும், மறுபடி ஓடும்

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100-ல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கோப்பு வந்து சேரவில்லை.

ஆனால் உடனே எஸ்எஸ்டி வாங்க ஓடாதீர்கள். மொபைலில் எடுத்த 4கே கோப்பு நொடிக்கு 50 முதல் 100 மெகாபிட்தான், அதாவது அதிகபட்சம் 12 எம்பி. சாதாரண ஹார்ட் டிஸ்கே நொடிக்கு 100 எம்பிக்கு மேல் தரும். ஒன்றிரண்டு டிராக் உள்ள மொபைல் வீடியோவுக்கு டிஸ்க் காரணமாக இருப்பது அரிது. ப்ரோரெஸின் உயர்தர வகையான எச்க்யூ, 4கே அளவில் என்றால் கதை வேறு. நொடிக்கு 110 எம்பி அளவில் கேட்கும், மல்டிகேமில் மூன்று கேமரா என்றால் அதைப்போல் மூன்று மடங்கு.

வெளியில் செருகும் எஸ்எஸ்டி வைத்திருந்தும் இப்படி நடந்தால் கேபிளைப் பாருங்கள். இது நிறையப் பேருக்கு நடக்கிறது. எஸ்எஸ்டியோடு வந்த குட்டை கேபிள் எங்கோ போய்விடும், மொபைல் சார்ஜரின் டைப்-சி கேபிளை எடுத்துச் செருகிவிடுவோம். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி. சார்ஜிங் கேபிள்களில் பல யூஎஸ்பி 2.0 வேகத்துக்கு மட்டுமே கம்பி கொண்டவை. 500 எம்பி தரக்கூடிய எஸ்எஸ்டி 40 எம்பியில் ஊர்ந்துகொண்டிருக்கும். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பாருங்கள். விண்டோஸ் காட்டும் வேகம் 40-க்குப் பக்கத்திலேயே தேங்கினால் கேபிளையோ போர்ட்டையோ மாற்றுங்கள்.

கேஷ் எங்கே போகிறது என்பதும் இங்கே சேரும். ப்ராஜெக்ட் செட்டிங்ஸ் > மாஸ்டர் செட்டிங்ஸ் > வொர்க்கிங் ஃபோல்டர்ஸ் பகுதியில் கேஷ் ஃபைல்ஸ் லொக்கேஷன் இருக்கும். வேகமான உள் எஸ்எஸ்டியில், நிறைய இடம் உள்ள பகுதியில் அதை வையுங்கள். பென் டிரைவிலிருந்தோ மெமரி கார்டிலிருந்தோ நேராக எடிட் செய்வதை அறவே விடுங்கள்.

அறிகுறி: ஆரம்பத்தில் பறக்கிறது, அரை மணியில் தள்ளாடுகிறது

லேப்டாப் சூடு. வெப்பம் ஏறியதும் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். மெத்தைமேல் வைக்காமல் மேசையில் வையுங்கள், பின்பக்கம் உயர்த்துங்கள், காற்று வரும் துளையைச் சுத்தம் செய்யுங்கள். சார்ஜர் செருகியே இருக்கட்டும். பேட்டரியில் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டுக்கு முழு மின்சாரம் கிடைக்காது. விண்டோஸ் பவர் மோடை பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் ஆக்குங்கள்.

இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் ரிசால்வ் சின்னதில் ஓடிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் செட்டிங்ஸ் > சிஸ்டம் > டிஸ்ப்ளே > கிராபிக்ஸ் பகுதியில் ரிசால்வைச் சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். ரிசால்வுக்குள் பிரிஃபரன்சஸ் > சிஸ்டம் > மெமரி அண்ட் ஜிபியு பக்கத்திலும் சரியான கார்டு தேர்வாகியிருக்கிறதா பாருங்கள். என்விடியா என்றால் கேம் டிரைவருக்குப் பதில் ஸ்டுடியோ டிரைவர் போடுவது எடிட்டிங்குக்கு நிம்மதி.

அறிகுறி: ஜிபியு மெமரி நிரம்பிவிட்டது என்ற செய்தி

கார்டின் சொந்த மெமரி தீர்ந்துவிட்டது. பிரவுசரை மூடுங்கள், அதுவும் அதே மெமரியைத்தான் எடுக்கிறது. டைம்லைன் ரெசல்யூஷனை 1080 ஆக்குங்கள். டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் இருந்தால் பிரேம் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

இவற்றையெல்லாம் செய்தும் வந்தால் ஃபோட்டோக்களைச் சந்தேகியுங்கள். 24 மெகாபிக்சல் ஸ்டில் ஒன்று 4கே பிரேமைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. கல்யாண ஆல்பம் ஸ்லைடுஷோவில் நாற்பது ஃபோட்டோவை அப்படியே இழுத்துப் போட்டால் 4 ஜிபி கார்டு திணறத்தான் செய்யும். சூம் செய்ய எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்கு முன்பே சுருக்கிக்கொண்டு உள்ளே கொண்டுவாருங்கள்.

பிரீமியர் ப்ரோ வைத்திருப்பவர்களுக்கு

அறிகுறிகள் இவையேதான், கதவுகள்தான் வேறு. ப்ரோக்ராம் மானிட்டரின் கீழே உள்ள பட்டியலில் பிளேபேக் ரெசல்யூஷனை 1/2, 1/4 ஆக்கலாம். பக்கத்தில் உள்ள ஸ்பேனர் படத்தை அழுத்தி ஷோ டிராப்டு ஃப்ரேம் இண்டிகேட்டரை இயக்கினால் பச்சைப் புள்ளி மஞ்சளாவதை வைத்துத் திணறலைக் கண்டுபிடிக்கலாம். அதே மெனுவில் ஹை குவாலிட்டி பிளேபேக் இயங்கிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். சீக்வென்ஸ் மெனுவில் ரெண்டர் இன் டு அவுட் என்பது ரிசால்வின் கேஷ் செய்யும் வேலையைச் செய்யும். சிவப்புக் கோடு பச்சையாகும்.

அறிகுறி: ரெண்டர் செய்த கோப்பிலும் கோளாறு

எடிட்டிங்கில் விக்கினால் ரெண்டரிலும் விக்கும் என்று பயப்படுகிறார்கள். பிளேபேக் திணறல் கோப்புக்குள் போகாது. ரெண்டருக்கு அவசரம் இல்லை, ஒரு பிரேமுக்கு ஒரு நிமிடம் ஆனாலும் காத்திருந்து முடிக்கும்.

ஆனால் படம் மங்கலாக வந்தால் டெலிவர் பேஜில் வீடியோ பகுதியின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். யூஸ் பிராக்ஸி மீடியா என்பதற்கு டிக் இருந்தால் இலேசான நகலிலிருந்தே இறுதிக் கோப்பு உருவாகியிருக்கும். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரெண்டர் போடுங்கள். யூஸ் ரெண்டர் கேஷ்டு இமேஜஸ் என்பதும் கேஷ் வடிவம் உயர்தரமாக இருந்தால் மட்டுமே இருக்கலாம்.

அசைவில் தத்தல் தெரிந்தால் மேலே சொன்ன பிரேம் ரேட் பிரச்சினை ரெண்டரோடு வந்திருக்கிறது. டைம்லைனுக்குத் திரும்பிப் போய்த்தான் சரிசெய்ய வேண்டும். கோப்பு முழுக்க விக்குகிறது என்றால் முதலில் மொபைலுக்கு அனுப்பி அங்கே ஓட்டிப் பாருங்கள். மொபைலில் சரளமாக ஓடினால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரின் பிளேயரில் ஹார்ட்வேர் டீகோடிங்கை இயக்கினால் போதும்.